வீட்டு டெலிபோனைத் துண்டிக்கும் முன்...

சபரில் இருக்கும் பிள்ளை வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பேசுவான் என்று உம்மா டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஆகும் காசை நினைத்து, நலம் விசாரித்து முடிப்பதற்குள் போனை வைத்துவிடுவார்கள். இன்று அதே பிள்ளை முகம் பார்த்து ஒரு மணி நேரம் பேசுகிறான். அதனால் "இந்த லேண்ட்லைன் எதற்கு? துண்டித்துவிடலாமா?" என்று நம்மிடம் பலரும் கேட்கிறார்கள்.

துண்டிக்கலாம். ஆனால் அந்தப் பழைய போன் நமக்குத் தெரியாமலே சில வேலைகளைச் செய்து வந்தது. அவற்றை இனி எது செய்யும் என்று முடிவு செய்த பிறகே துண்டிக்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம்.

இணைய அழைப்பு இரண்டு வகை

நம் குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி இணையம் வழியே அனுப்பி, மறுமுனையில் சேர்த்துத் தருவதுதான் இணைய அழைப்பு. குரல் மட்டும் என்றால் விநாடிக்கு 100 கிலோபிட் வேகமே போதும். வீடியோவுக்குத்தான் கூடுதல் வேகம் தேவை.

முதல் வகை, செயலிக்குச் செயலி பேசுவது. வாட்ஸ்அப், போட்டிம் போன்றவை இப்படித்தான் இயங்குகின்றன. இருபுறமும் அதே செயலி இருக்க வேண்டும். செயலியை நடத்தும் நிறுவனம் கடையை மூடினால் நாம் வேறு வழி தேட வேண்டியதுதான். பல ஆண்டுகள் நம் பிள்ளைகள் பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டது.

இரண்டாம் வகை, இணையம் வழியே சென்றாலும் சாதாரண டெலிபோன் எண்ணோடு பேசுவது. இதற்கான கருவிகள் இவை:

1. ஃபைபர் பெட்டி: ஃபைபர் இணைப்புக்குத் தரும் பெட்டியின் பின்புறத்தில் பெரும்பாலும் டெலிபோன் சொருகும் துளை ஒன்று இருக்கும். உங்கள் திட்டத்தில் குரல் சேவையும் இருந்தால், பழைய போனையே அதில் சொருகிப் பேசலாம். பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்கள் பழைய எண்ணையே ஃபைபருக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

2. வைஃபை காலிங்: இந்தியாவில் 2019 இறுதியிலிருந்து இந்த வசதி வந்தது. தடித்த சுவருள்ள பழைய வீடுகளில் செல்போன் சிக்னல் கிடைக்காவிட்டாலும், வீட்டு வைஃபை வழியே அதே எண்ணில் பேசலாம். போனின் செட்டிங்ஸ் பகுதியில் இதை இயக்கிவிட்டால் போதும்.

3. அடாப்டர் பெட்டி: அமெரிக்காவில் ஊமா, மேஜிக்ஜாக் போன்ற சிறு பெட்டிகளை இணையத்தில் இணைத்து, சாதாரண போனை அதில் சொருகிப் பேசுகிறார்கள். நம் ஊரில் ஃபைபர் பெட்டியே இந்த வேலையைச் செய்துவிடும்.

வளைகுடா சட்டம்

அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகளில் மட்டுமே இணைய அழைப்பு பேசலாம். போட்டிம் அவற்றில் ஒன்று. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். அழைப்பு அங்கே தடுக்கப்பட்டது. சவூதி அரேபியா, விதிகளுக்கு உட்பட்ட செயலிகளுக்கான தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், எந்தச் செயலியில் பேசுவது என்பதை அங்கிருக்கும் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

தடையைத் தாண்ட விபிஎன் போடச் சொல்லி இங்கிருந்து வற்புறுத்தாதீர்கள். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில், குற்றம் செய்வதற்காக இணைய முகவரியை மறைத்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஓர் அழைப்புக்காகப் பிள்ளையின் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை. "உங்கள் வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று யாராவது வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். அது பல சிம் கார்டுகளைப் போட்டு, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாகக் காட்டும் 'சிம் பாக்ஸ்' ஆக இருக்கலாம். அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

லேண்ட்லைன் செய்த மூன்று வேலைகள்

முதலாவது, கரண்ட் போனாலும் பேசியது. செம்புக் கம்பி இணைப்பில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வரும். ஃபைபர் பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போன நொடியே இணையமும் போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. வெளிநாட்டில் இருந்தவர்கள் வீட்டாரின் குரலைக் கேட்காமல் எப்படித் தவித்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இதற்குச் செய்ய வேண்டியது: ஃபைபர் பெட்டிக்கு ஏற்ற சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கிப் போடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அந்த இணைப்பில் சேருங்கள். இவையும் சில மணி நேரத்துக்குத்தான். ஆகவே பட்டன் போன் ஒன்றை, இணையத்துக்குப் பயன்படுத்தும் நிறுவனம் அல்லாத வேறு நிறுவன சிம் போட்டு, எப்போதும் சார்ஜுடன் வைத்திருங்கள்.

இரண்டாவது, ஆபத்தில் உதவிக்கு அழைத்தது. வாட்ஸ்அப்பிலிருந்து 108 ஆம்புலன்ஸையோ 112 அவசர எண்ணையோ அழைக்க முடியாது. சாதாரண அழைப்பில்தான் கூப்பிட வேண்டும். அந்த எண்களையும், வீட்டு முகவரியையும், பக்கத்து வீட்டார் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழிதி போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்துபோகும்.

மூன்றாவது, பெரியவர்களால் எளிதாக இயக்க முடிந்தது. மணி அடித்தால் எடுப்பார்கள், அவ்வளவுதான். கண்ணாடித் திரையைத் தேய்க்கத் தெரியாத உம்மாவுக்கு வாட்ஸ்அப் மட்டும் போதாது. பட்டன் போனில் 2ஐ அழுத்தினால் மகன், 3ஐ அழுத்தினால் மகள், 4ஐ அழுத்தினால் பக்கத்து வீடு என்று பதிந்து கொடுங்கள்.

ஆறு இலக்க எண்

வாட்ஸ்அப் கணக்கைத் திருடலாம். "தவறுதலாக உங்களுக்கு ஓர் எண் வந்துவிட்டது, சொல்லுங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அந்த ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்பார்கள். எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். செட்டிங்ஸில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

பழைய எண்ணை வங்கி, கேஸ் ஏஜென்சி, மருத்துவமனை என எங்கெங்கு கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். துண்டிக்க மனுக் கொடுக்கும்போது, கட்டிய வைப்புத்தொகையையும் கேட்டு எழுதுங்கள்.

அதற்கு முன் ஒருநாள் மாலை, யாரிடமும் சொல்லாமல் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிறகு உம்மாவிடம், "பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போடுங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். யாருடைய உதவியும் இல்லாமல் அவர் பேசிவிட்டால் மறுநாளே துண்டித்துக்கொள்ளலாம். முடியவில்லை என்றால், அதுவரை மாதாமாதம் அந்த பில்லைக் கட்டி வருவதே நல்லது.