பழைய ரிவால்வர்: முன் சைட் காட்டிக்கொடுக்கும் ரகசியம்

நெய்வேலி டவுன்ஷிப்ல ஃபிட்டர், டர்னர், வெல்டர் வீட்டுல வளர்ந்தவங்க நம்ம கேட்கிறவங்கள்லயும் இருப்பீங்க. ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்தா, "இது மெஷின் வேலை, இது அரம் போட்டது, இங்க பத்த வெச்சிருக்காங்க"ன்னு அப்பா பார்த்த உடனே சொல்லிடுவார். அந்தக் கண்ணோட இன்னிக்கு ஒரு பழைய ரிவால்வரைப் பார்ப்போம்.

பேரல் நுனியில நிக்கிற சின்னத் தகடுதான் முன் சைட். பின்னால ஒரு பள்ளம். ரெண்டும் ஒரே கோட்டுல வந்தா குறி சரி.

இதை ஏன் மாத்துவாங்க? முதல் காரணம் போட்டி. சான் பிரான்சிஸ்கோவில இருந்த கிங் கன் சைட் கம்பெனி, சிவப்பு மணி வெச்ச முன் சைட்டுக்கு முன்னால குட்டிக் கண்ணாடி பதிச்சு, அந்த மணி மேல வெளிச்சம் விழுற மாதிரி செஞ்சது. இது விலை கூடின வேலைப்பாடு. பெரும்பாலும் கம்பெனி பெயரும் பொறிச்சிருக்கும்.

ரெண்டாவது காரணம்தான் வில்லங்கம். பேரலை அறுத்துக் குட்டையாக்கினா முன் சைட்டும் அதோட போயிடும். புதுசா ஒண்ணு வைக்கணும். ரெண்டாம் உலகப் போர்ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' மாடல் பிரிட்டனுக்கும் காமன்வெல்த் படைகளுக்கும் போச்சு. அதுல பல, போருக்கு அப்புறம் காக்ஸ்வெல் அண்ட் ஹாரிசன் மாதிரி இங்கிலாந்து கடைகள்ல குட்டையாகி, புது சைட்டோட வெளியே வந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

• விக்டரி மாடல்ல முன் சைட் பேரலோட ஒரே உலோகமா இருக்கும். அடியில சால்டர் கோடோ, சைட்டைச் சுத்தி வேற நிற மெருகோ தெரிஞ்சா சந்தேகப்படுங்க.
• பேரல் மேல பொறிச்ச எழுத்து நடுவுல இருக்கணும். ஒரு பக்கம் தள்ளியோ, பாதியில வெட்டுப்பட்டோ இருந்தா பேரல் அறுபட்டிருக்கலாம்.
• பேரல் நீளத்தை அந்த மாடலோட தொழிற்சாலை அளவோட ஒப்பிடுங்க.
• ஸ்க்ரூ இருக்குங்கிறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. 1915-ல வந்த வெப்லி மார்க் 6-ல முன் சைட் தகட்டையே ஸ்க்ரூ போட்டுத்தான் பிடிச்சிருந்தாங்க. அது ஒரிஜினல்.

இதெல்லாம் வெறும் சேகரிப்பாளர் பொழுதுபோக்கு இல்ல. 1959 ஆயுதச் சட்டத்தோட 6-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாம பேரலைக் குட்டையாக்குறது குற்றம். 8-வது பிரிவுப்படி அடையாள எண்ணை அழிக்கிறதும் குற்றம். "தாத்தா காலத்துதானே, ஆன்டிக்"னு விட முடியாது. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 45-வது பிரிவுல விலக்கு.

அதனால பரண்ல இப்படி ஒண்ணு கிடைச்சா, நீங்களே கழட்டிப் பார்க்காதீங்க, அரம் போடாதீங்க, மெருகு ஏத்தாதீங்க. உள்ளே தோட்டா இருக்குன்னே நினைச்சுக்கோங்க. உரிமம் இல்லைன்னா முதல் ஃபோன் போலீஸ் ஸ்டேஷனுக்கு. அதுக்கு அப்புறம், உரிமம் உள்ள கன்ஸ்மித் அதைப் பார்க்கும்போது, முன் சைட்டோட அடியைக் காட்டி என்ன தெரியுதுன்னு கேளுங்க.