கடம்பூர் மாளிகையில் தூங்கிப்போன வந்தியத்தேவன்... நின்றுபோன வாசிப்பை மீட்ட காமிக்ஸும் குட்டிப் புத்தகங்களும்!

2022-ல் படம் வந்த சூட்டோடு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் மொத்தமாக வாங்கியவர்கள் பட்டியலில் நானும் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்த வந்தியத்தேவன், ராத்திரி கடம்பூர் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தான். படுத்தான். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருடம் என் வீட்டில் அவன் எழுந்திருக்கவே இல்லை. அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டில் எழுத்தெல்லாம் அழிந்தே போச்சு.

'நேரம் இல்லை'ன்னுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்னு எனக்கே தெரியும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்க நேரம் இருந்ததே! உண்மையான பயம் வேற. புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது பத்தியிலேயே கண் மட்டும் ஓடுது, மனசு ஓடலை. அதே பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன். ஸ்கூல் லீவில் ஒரே நாளில் ஒரு நாவலை முடித்த ஆள் நான். அந்தத் திறமையே நம்மகிட்ட இருந்து கழன்று போயிடுச்சோ என்று நிஜமாகவே பயந்தேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். 'ஆரம்பிச்சதை முடிக்காம வேற புத்தகத்தைத் தொடக் கூடாது' என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். விளைவு, அந்தப் புத்தகமும் நகரலை, வேற புத்தகமும் படிக்கலை.

திண்டுக்கல்லில் ஒரு கரன்ட் கட்

போன வருடம் திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மழை ராத்திரி, கரன்ட் போச்சு. போனில் சார்ஜ் இல்லை. மூணாங்கிளாஸ் படிக்கிற அக்கா மகள் எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "சித்தி, மின்மினிப்பூச்சிய தொட்டா சுடுமா?" என்றாள்.

நான் டிகிரி முடிச்சவள். "லைட்டு மாதிரிதானே, லேசா சுடும்" என்றேன்.

"தப்பு! அது சூடே ஆகாத வெளிச்சம்" என்று புத்தகத்தை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

பதினாறே பக்கம். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது. நம் பழைய குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்கும். மின்மினியிடம் அந்த வீண்செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆண் பூச்சி பறந்தபடி மினுக்கி அழைக்க, கீழே செடியில் இருக்கும் பெண் பூச்சி பதிலுக்கு மினுக்கும். தெருவிளக்கு வெளிச்சம் அதிகமானால் இந்தப் பேச்சுவார்த்தை கெட்டுப்போகும். நம்ம ஊர்ப் பக்கம் மின்மினி ஏன் குறைந்துபோச்சு என்பதற்கு ஒரு காரணம் அதிலேயே இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுசாகப் படித்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு நாளில் ஒரு நாவல் முடித்தவளுக்கு அந்தப் பதினாறு பக்கம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குழந்தைகளுக்கான அறிவியல், வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு விசேஷம் உண்டு. எழுதுகிறவர் ஒளிந்துகொள்ள முடியாது. பெரியவர்களுக்கு எழுதும்போது புரியாத இடத்தில் ஒரு பெரிய வார்த்தையைப் போட்டுத் தாண்டிவிடலாம். எட்டு வயசுப் பிள்ளையிடம் அது செல்லாது, "அப்படின்னா?" என்று கேட்டுவிடும். அதனால் நல்ல எழுத்தாளர் விஷயத்தை அடிவரை போய்ப் புரிந்துகொண்டுதான் எழுத வேண்டியிருக்கும். ஒரு புதுத் துறையைத் தெரிஞ்சுக்கணுமா? ஐந்நூறு பக்க ஆய்வு நூலில் தொடங்காமல், அதே விஷயத்தைப் பற்றிய சிறுவர் நூலில் தொடங்கலாம். கூச்சமே வேண்டாம்.

தமிழில் இதற்குப் பழைய மரபே உண்டு. பெ.நா.அப்புசாமி அந்தக் காலத்திலேயே அறிவியலை எளிய தமிழில் எழுதிக் குவித்தார். ஆயிஷா இரா.நடராசன், விக்கிரமாதித்தன் - வேதாளம் கதையையே சட்டமாக வைத்து 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' எழுதினார். சாகித்ய அகாடமியின் பால சாகித்ய விருது 2014-ல் அதற்குக் கிடைத்தது. 'டோட்டோ-சான்' படித்தவர்களில் பலர் அதைக் கதை என்றே நினைக்கிறார்கள். அத்தனையும் ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகியின் சொந்தச் சின்ன வயசு. ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருந்த பள்ளி நிஜமாகவே இருந்தது. சேர வந்த முதல் நாளே அந்தச் சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமை ஆசிரியரும் நிஜம். 1945-ல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனதும் நிஜம். இது தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தை இரண்டாவது தடவை படித்துப் பாருங்கள், கனம் வேற மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'பொது அறிவு 1,000' டைப் புத்தகங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தகவலைக் கொட்டுவது வேறு, விளக்குவது வேறு.

வெள்ளைக் கோட்டுக்குள் நடப்பது என்ன?

மின்மினி கொடுத்த தைரியத்தில் அடுத்து எடுத்தது காமிக்ஸ். 'இந்த வயசுல பொம்மைக் கதையா?' என்று கேட்க வீட்டில் ஆள் இருந்தது. கேட்டவர் ராத்திரி முழுக்க 'ஒன் பீஸ்' அனிமே பார்ப்பவர். அதுவே 1997-லிருந்து ஜப்பானில் தொடராக வரும் காமிக்ஸ்தான் என்று சொன்னதும் கேள்வி அதோடு நின்றது!

நம்ம ஊரில் காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' இதழில் வந்த கதை அது. விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், தன் நிழலைவிட வேகமாகச் சுடும் லக்கி லூக்கும், 'இரத்தப் படலம்' கதையில் தன் பேரே மறந்து கரை ஒதுங்கும் நாயகனும் தமிழ் பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள்.

சரி, படம் பார்ப்பது எப்படிப் படிப்பது ஆகும்? இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் மாயாவியின் விரல் மின்சார பிளக்கை நோக்கிப் போகிறது. அடுத்த கட்டத்தில் இரும்புக் கை மட்டும் மிதக்கிறது. அவன் மறைவதை யாரும் வரையவே இல்லை. அந்த வெள்ளைக் கோட்டுக்குள் அவனை மறைய வைத்தது நீங்கள்தான். சினிமா இந்த வேலையை உங்களுக்குத் தராது, ஒரு நொடிக்கு 24 படம் காட்டி அதுவே செய்துவிடும். காமிக்ஸில் எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது திரும்பிப் பார்ப்பது என்பது எல்லாம் உங்கள் கையில். சிதறிப்போன கவனத்துக்கு இது நல்ல பிசியோதெரபி. பேசும் வரிகள் குறைவு, ஆனால் மூளை சும்மா இருக்க முடியாது.

காமிக்ஸ் என்றால் துப்பாக்கியும் குதிரையும் மட்டும் கிடையாது. என்னை உலுக்கிய புத்தகம் 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்ட் பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி வரைந்தது. ஆங்கிலத்தில் 2011-ல் வந்தது, தமிழிலும் உண்டு. இவர்கள் ஆட்களைக் கட்டம் போட்டு அடைக்கவே இல்லை. தங்கள் வீட்டுச் சுவரில் போடும் கோலம் போன்ற வளைவுகளால்தான் பக்கத்தைப் பிரித்திருக்கிறார்கள். பேச்சுக் குமிழிகள் அதைவிட ஆச்சர்யம். நல்ல மனசோடு பேசுபவரின் வார்த்தைகள் பறவை வடிவக் குமிழியில் வரும். சாதித் திமிரோடு பேசுபவரின் குமிழிக்கு தேள் கொடுக்கு வால்!

1901-ல், பத்து வயசுப் பையனாக அம்பேத்கர் அப்பாவைப் பார்க்க அண்ணனோடு ரயிலேறிப் போனது அதில் வருகிறது. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடுப்பு போட்ட பிள்ளைகளைப் பார்த்து அன்பாகப் பேசும் ஸ்டேஷன் மாஸ்டர், சாதி தெரிந்ததும் விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். வழி நெடுக, கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஸ்கூலில் நான் 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்ற வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். பாடப் புத்தகத்தின் முதல் பக்கமே அதுதான். எனக்கு தொண்டை வறண்டது இந்தப் படங்களைப் பார்த்தபோதுதான்.

புத்தகம் புத்தகத்தைக் கைகாட்டும்

இதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. மின்மினி புத்தகத்தால் பூச்சி, பறவை என்று ஆர்வம் வந்தது. அதனால் கி.ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' எடுத்தேன். கரிசல் கிராமத்துப் பையன் ஒருவன் பறவை முட்டைகளைத் தேடி அலையும் குட்டி நாவல். கதைதான், ஆனால் பறவையையும் கூட்டையும் ஊர்க்காரர்கள் கவனிக்கும் விதம் அப்படியே உள்ளே இருக்கிறது. மின்மினி புத்தகம் 'எப்படி' என்று சொல்லித் தந்தது. 'பிஞ்சுகள்' அந்தப் பையனாகவே என்னை அலைய வைத்தது. முட்டையை எடுக்கும்போது வரும் ஆசையையும் குற்ற உணர்ச்சியையும் தகவல் புத்தகத்தால் தர முடியாது. அந்த வேலைக்குக் கதைதான் வேண்டும்.

இப்போது என் பையில் எப்போதும் ஒரு காமிக்ஸ் இருக்கும். டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷத்துக்கு அதுதான் தோது, இறங்கும் ஸ்டாப்பில் மூடி வைக்கலாம், தொடர்ச்சி கெடாது. ஆபீஸில் மூளை கசங்கிய நாளில் சிறுவர் நூல். நாவல் ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒன்று பாதியில் நிற்கும்போது இன்னொன்றுக்குத் தாவுவதைத் துரோகமாக நினைப்பதை விட்டுவிட்டேன். சோறு மட்டும் சாப்பிட்டுக்கொண்டா இருக்கிறோம்? நடுவில் அப்பளத்தைக் கடிக்கிறோம், ஊறுகாயைத் தொடுகிறோம். அதனால் சோறு கோபித்துக்கொள்வதில்லை.

காசு செலவழிக்காமல் தொடங்க வேண்டுமானால் உங்கள் போனே போதும். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலும் ஏராளமான படக்கதைகளும் அறிவியல் புத்தகங்களும் இலவசம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். நான்காம் நிலையில் தேடினால் பெரியவர்களுக்கும் சுவாரஸ்யமானவை சிக்கும். டவுன்லோடு செய்துவைத்தால் நெட் இல்லாமலும் படிக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், நாலு வரி என்பதால் சின்ன ஸ்க்ரீனுக்குப் பொருந்தும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, 'பொன்னியின் செல்வன்' முழுவதும் மதுரைத் திட்டத் தளத்தில் இருக்கிறது. என்னை மாதிரி ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

காமிக்ஸை மட்டும் போனில் படிக்காதீர்கள். பெரிய பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், பக்கத்தை ஓவியர் பிரித்திருக்கும் அழகே செத்துவிடும். போனுக்கென்றே மேலிருந்து கீழாக வரையப்படும் வெப்டூன்கள் விதிவிலக்கு. காகிதத்தில் வாங்கினால் விலை கொஞ்சம் கையைக் கடிக்கும், நூலகங்களிலும் காமிக்ஸ் அதிகம் கிடைப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் குறை. நண்பர்கள் ஆளுக்கு ஒன்றாக வாங்கி மாற்றிக்கொள்வதுதான் நான் கண்ட வழி. சிறுவர் நூல்களுக்கு அந்தக் கவலை இல்லை. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டிலிருக்கும் ஒரு வாண்டைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன்.

வந்தியத்தேவன் என்ன ஆனான் என்கிறீர்களா? எழுந்துவிட்டான்! கடம்பூர் தாண்டி, தஞ்சாவூர் தாண்டி, கோடிக்கரைக்கும் வந்து, இப்போது பூங்குழலியின் படகில் இலங்கைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டாம் பாகம். போனில் அக்கா மகளுக்கு அந்த இடத்தைக் கதையாகச் சொன்னேன். "சித்தி, நடுக்கடல்ல ராத்திரி எப்படி வழி தெரியும்?" என்றாள்.

நட்சத்திரங்களைப் பற்றி எட்டு வயசுக்குப் புரியும்படி ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரரிடம் அவளுக்கு என்றுதான் சொல்லப்போகிறேன்.