குண்டுப் பூனையைப் பட்டினி போடாதீர்கள்

எலிக்காக வளர்க்கும் பூனை, நம் தோட்டத்து வீடுகளில் எலியைவிடச் சோற்றைத்தான் அதிகம் பார்க்கிறது. அம்மா ஒரு கை, பாட்டி ஒரு கை, பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஒரு கை. பெருத்துப் போகாமல் என்ன செய்யும்? விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு ஏறிவிட்டது.

“பட்டினி போடு, தானா இளைக்கும்” என்பார்கள். போடாதீங்க! குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து உயிரே போகலாம். சோற்றைச் சிறுகச் சிறுகக் குறைத்து, முள் எடுத்த அவித்த மீனைக் கொடுங்கள். குழம்பு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். 6 கிலோ பூனை மாதம் கால் கிலோ குறைந்தால் போதும். ஒரு நாள் முழுக்கத் தீனியைத் தொடவில்லையென்றால், கண்ணும் ஈறும் மஞ்சளாகும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.