இல்லாத ஊருக்கு வரைபடம்

ராஜா, மந்திரவாதி, பூதம் எல்லாம் வரும் கதைகளை நாம நிறைய கேட்டிருக்கிறோம். அந்தக் கதைக்குள்ளேயே போய் விளையாட முடியுமா? முடியும். அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இதற்கு டிவி, கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் போதும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஒருத்தி வாள் வீராங்கனை, ஒருத்தன் திருடன், இப்படி. “எதிரே கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றீங்க?” என்று கதை நடத்துபவர் கேட்பார். “பூட்டை நெம்புறேன்” என்பான் திருடன். திறந்ததா இல்லையா என்பதை 20 பக்கம் உள்ள ஒரு பகடை சொல்லும். நம்ம தாயத்தில் காய் நகரும், இதில் கதை நகரும்.

கதை நடக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? குகை என்றால் சுலபம், இரண்டு மூன்று வழிதான் இருக்கும். பெரிய நகரம்தான் கஷ்டம். கதைப் புத்தகம் எழுதுகிறவர் தனக்கு வேண்டிய தெருவை மட்டும் காட்டினால் போதும். இங்கே அப்படி இல்லை. விளையாடுகிற பிள்ளை திடீரென்று “நான் இடது பக்கச் சந்துல போறேன்” என்று சொன்னால் அந்தச் சந்தில் ஏதாவது இருக்கணும்.

இப்படிக் கட்டிய நகரங்களில் ரொம்பப் புகழ் பெற்றது வாட்டர்டீப். இதைக் கற்பனை செய்தவர் கனடா நாட்டுக்காரர் எட் கிரீன்வுட். 1959-ல் பிறந்தவர். சுமார் எட்டு வயதிலேயே இந்த உலகத்தைப் பற்றிக் கதை எழுத ஆரம்பித்துவிட்டார்! அப்போது இந்த விளையாட்டே கிடையாது. அவர் கதையில் மிர்ட் என்று ஒரு குண்டு வியாபாரி. எதிரிகளிடம் தப்பித்துத் துறைமுகம் துறைமுகமாகப் போவான். அவன் போய் இறங்க ஊர் வேண்டுமே, அப்படித்தான் அந்தக் கடற்கரை நகரங்கள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. பிறகு அவர் பொது நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1987-ல் அது விளையாட்டுப் புத்தகமாக அச்சில் வந்தது. வாட்டர்டீப்பைப் பற்றி ஒரு புத்தகமும் அதே வருடம் வந்தது.

அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது? பெயரே சொல்கிறது. ஆழமான துறைமுகம் இருப்பதால் பெரிய கப்பல்கள் கரை வரைக்கும் வரும். கப்பல் வந்தால் சரக்கு வரும், சரக்கு வந்தால் கூலி ஆள், கடை, சத்திரம், திருடன் எல்லாம் வரும். ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் அது. துறைமுகப் பகுதி, வியாபாரப் பகுதி, பணக்காரர் பகுதி, கோட்டைப் பகுதி என்று பிரித்திருக்கிறார். சுடுகாட்டுக்குக்கூட ஒரு பகுதி உண்டு. பகலில் அதைப் பூங்கா மாதிரி ஜனங்கள் பயன்படுத்துவார்கள், ராத்திரியானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஏன் பூட்டுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஒரு சத்திரம் இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கொட்டாவி வாசல்’. சத்திரத்துக்கு நடுவிலேயே 40 அடி அகலத்தில் கிணறு போல ஒரு பள்ளம். அதன் அடியில் பைத்தியக்கார மந்திரவாதி ஒருவன் தோண்டிய சுரங்கங்கள். இறங்க ஒரு பொற்காசு, திரும்ப ஏற ஒரு பொற்காசு. மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், இறங்கினவன் திரும்பி வருவானா மாட்டானா என்று பந்தயம் கட்டுவார்கள். இந்த ஒரு சத்திரத்துக்குள் எத்தனை கதை இருக்கு பாருங்க!

ஆனா எனக்கு ரொம்பப் பிடித்தது வேற. வாட்டர்டீப்பில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் உண்டு. அதில் சாணி, குப்பை அள்ளுகிறவர்களுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது. பொதுவாக ஊர் வரையச் சொன்னால் நாம என்ன செய்வோம்? முதலில் அரண்மனை, அப்புறம் கோட்டை மதில், கொடி. குடிதண்ணீர் எங்கிருந்து வருது, அத்தனை குதிரை போடுற சாணியை யார் அள்ளுறாங்க என்று யாரும் வரைய மாட்டோம். அள்ளுகிறவர்கள் வீடு படத்திலேயே இருக்காது. கிரீன்வுட் அவர்களுக்கு ஒரு பெயர் கொடுத்து, சங்கமும் கொடுத்திருக்கிறார். அந்த ஊரை ஆள்பவர்கள் முகமூடிப் பிரபுக்கள். முகம் தெரியாது, குரலும் மாறிவிடும், யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. குப்பைச் சங்கத்தார் ஒரு வாரம் வேலைக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? முகமூடிக்குள்ளேயும் நாற்றம் போகும்தானே! அவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகணும். பூதமே இல்லாமல் நல்ல கதை கிடைத்துவிட்டது. அதனால் அந்த வீடுகளை வரையாவிட்டால் ஊருக்கு நஷ்டம், விளையாட்டுக்கும் நஷ்டம்.

நாமும் ஒரு ஊர் வரையலாம். முழு ஊரையும் ஒரே நாளில் வரைய உட்கார்ந்தால் சார்ட் பேப்பர்தான் வீணாகும். முதலில் ஆறோ கடலோ போடுங்க. தண்ணீர் எடுக்கும் இடம், சந்தை, ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவில் நாலு பேர். நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஆசை, ஆளுக்கொரு கோபம். மீதியை வெள்ளையாகவே விட்டுவிடுங்க. யாராவது சந்தில் திரும்பும்போது அந்தச் சந்தைப் போட்டுக்கொள்ளலாம். போட்டதை நோட்டில் எழுதி வைக்கணும், இல்லைன்னா நேற்று இருந்த கிணறு இன்னைக்குக் காணாமல் போயிடும். அரண்மனை கடைசியில் வந்தால் போதும்.

20 பக்கப் பகடை கையில் இல்லையா? 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்க. எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டுவிடணும். போடாவிட்டால் அடுத்தவருக்கு 19 சீட்டுதான் இருக்கும், கணக்கு தப்பாகிவிடும்.