உங்களுக்குத் தெரியுமா?
தோட்டா சிக்கினால், முதலில் மணிக்கட்டைப் பாருங்கள்!

புதியவர் கையில் அடிக்கடி சிக்கும் செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டல், பயிற்சியாளர் வாங்கிச் சுட்டதும் ஒழுங்காக ஓடும். பெரும்பாலும் காரணம் தளர்ந்த மணிக்கட்டு. சுட்டவுடன் ஸ்லைடு பின்னால் பாய்ந்து வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. திரும்பும்போது மேகசினின் மேல் தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. பிடி தளர்ந்தால் பிஸ்டலே பின்னுக்குப் போய்விடும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, அடுத்த தோட்டா பாதியில் நிற்கும்.

பிடி உறுதியாக இருந்தும் சிக்குகிறதா? மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்பத் தகராறு செய்தால், வாய்ப்பகுதி வளைந்திருக்கலாம் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். 25 மீட்டர் போட்டிகளில் பயன்படும் .22 எல்.ஆர். தோட்டாவுக்கு அடிவிளிம்பு உண்டு. மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவினுடையதற்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். இந்த வகைத் தோட்டாவின் மெழுகும் கரியும் அறையில் படிந்து அடைப்பதும் உண்டு. சுத்தம் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

ரேபிட் ஃபயர் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் 5 குண்டுகளை முறையே 8, 6, 4 விநாடிகளுக்குள் சுட வேண்டும். நடுவில் சிக்கும்போது நீங்களாகவே ஸ்லைடைத் திறந்துவிட்டால் மறுவாய்ப்புக் கிடைக்காது.

எங்கே சிக்கினாலும் குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, மறுகையைத் தூக்கி ரேஞ்ச் அதிகாரியை அழையுங்கள்.