எந்த இடத்துச் சூடு?

இன்ஜினின் மூச்சு – 9

டர்போ பற்றிய முந்தைய இரண்டு அத்தியாயங்களையும் படித்துவிட்டு, சேலத்திலிருந்து வாசகர் ஒருவர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருக்கிறார். டர்போ பெட்ரோல் கார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, பக்கத்து சீட்டில் இருந்த மகனிடம் ஃபோனைக் கொடுத்து, ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’ என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

“அடிவாரத்துல 35 டிகிரி சார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல போறப்ப 25. அவ்வளவு மிதிச்சும் பத்து டிகிரி குறைஞ்சிருக்கு. அப்போ நம்ம இன்டர்கூலர் நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

“அந்த சென்சார் உங்க கார்ல எங்க இருக்கு சார்?” என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பானெட்டைத் திறந்து பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் வரும் குழாயில், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரோடு சேர்ந்தே இருந்தது. அதாவது, டர்போவுக்கு முன்னால். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை அந்த சென்சார் பார்த்ததே இல்லை. அது சொன்னதெல்லாம் ஏற்காட்டின் குளிர்ச்சியைத்தான்.

டர்போ காரில் காற்றின் சூட்டை அளக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு?’ என்பதை அல்ல, ‘எங்கே?’ என்பதை.

ஒரே காற்று, மூன்று சூடு

டர்போ இல்லாத காரில் இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. வெளிக்காற்று ஃபில்டர் வழியாக நேராக இன்ஜினுக்குப் போகிறது. வழியில் எங்கே அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. டர்போ காரில் அதே காற்று மூன்று நிலைகளைக் கடக்கிறது: டர்போவுக்கு முன், டர்போவுக்குப் பின், இன்டர்கூலருக்குப் பின்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டர்போவும் அழுத்தத்தான் செய்கிறது. அதனால் சுடத்தான் செய்யும். எவ்வளவு சுடும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். வாசகரின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.98 பார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அங்கே 0.85 பார்தான். இன்ஜினுக்குள் 1.8 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கணினி கேட்கிறது, டர்போவும் இரண்டு இடத்திலும் அதைக் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசரின் செயல்திறன் 70 சதவீதம்.

சேலத்தில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, டர்போவை விட்டு வரும்போது சுமார் 119 டிகிரி. ஏற்காட்டில் 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று, வெளியே வரும்போது சுமார் 127 டிகிரி. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது; அதே 1.8 பாரை எட்ட டர்போ கூடுதலாக அழுத்தியாக வேண்டும். குளிர்ந்த ஊரில்தான் டர்போவிலிருந்து வரும் காற்று அதிகம் கொதிக்கிறது!

இனி இன்டர்கூலர். டர்போவில் ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை அது இறக்கிவிட்டால், சேலத்தில் 60 டிகிரி, ஏற்காட்டில் 56 டிகிரி. ஆனால் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வண்டி ஊர்ந்து போகிறது. இன்டர்கூலரின் முகத்தில் காற்று வேகமாக மோதுவதில்லை. அதன் திறன் 50 சதவீதமாக இறங்கினால், அந்த 56 டிகிரி 76 ஆகிவிடும்.

இப்போது மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டர்போவுக்கு முன் 10 டிகிரி குறைந்திருக்கிறது. டர்போவுக்குப் பின் 8 டிகிரி கூடியிருக்கிறது. இன்டர்கூலருக்குப் பின், மலையில் ஊர்ந்ததால் 16 டிகிரி கூடியிருக்கிறது. பயணம் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். வாசகரின் ஃபோனில் தெரிந்தது முதல் எண். இன்ஜின் மூச்சிழுத்தது மூன்றாவது எண்ணை.

56 டிகிரிக்கும் 76 டிகிரிக்கும் இடையே, அதே அழுத்தத்தில், காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைகிறது. சக்தி குறைவதை நாம் பொறுத்துக்கொள்ளலாம். சூடான கலவை சிலிண்டருக்குள் தன்னிஷ்டத்துக்கு வெடிக்கத் தொடங்குவதை, மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வதை, பிஸ்டன் பொறுக்காது. இந்த வெப்பத்தை அளக்கத் துடிப்பதற்கு உண்மையான காரணம் அதுதான்.

கம்பெனி ஏன் அங்கே வைத்தது?

டர்போவுக்கு முன்னால் சென்சார் வைத்தவர்கள் விவரம் தெரியாமல் வைக்கவில்லை. 2002 மாடலாக அமெரிக்காவுக்குப் போன சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரைப் பாருங்கள். உள்ளே போகும் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் சென்சார் ஃபில்டருக்கு அருகிலேயே இருக்கிறது; வெப்பமானியும் அதற்குள்ளேயே. எடை தெரிந்துவிட்டால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று கணக்கிட இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள சூடு தேவையில்லை. நாக்கிங் வந்தால் அதைக் கேட்டுச் சொல்லத் தனி சென்சார் உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு இது போதும்.

ஆனால் அந்தக் காரின் இன்டர்கூலர் இன்ஜினின் தலைமேல், பானெட்டில் இருக்கும் காற்றுத் திறப்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது காற்று பாயும். சிக்னலில் நின்றால் கீழிருந்து இன்ஜின் சூடு ஏறும். இந்த ஏற்ற இறக்கம் எதுவும் ஃபில்டர் பக்கத்து வெப்பமானிக்குத் தெரியாது. அதனால்தான் டர்போ அழுத்தத்தைக் கூட்டி ட்யூன் செய்பவர்கள் இன்டர்கூலருக்குப் பின்னால் இன்னொரு சென்சாரைப் பொருத்துகிறார்கள்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ211 டிஎஸ்ஐ இன்ஜின்கள் வேறு வழியில் போகின்றன. 2021-இல் நம் சாலைக்கு வந்த ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் கார்களில் இருப்பது இந்தக் குடும்பத்து இன்ஜின்தான். இந்தக் குடும்பத்தின் பல இன்ஜின்களில் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர், இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வெப்பமானி, பின்னால் ஒரு வெப்பமானி. கணினிக்கு இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். இன்டர்கூலர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் அதனால் தெரியும். குளிர்விக்கும் தண்ணீரைச் சுழற்றும் பம்பை அந்தக் கணக்கை வைத்து ஓட்டலாம்.

ஆக, இரண்டு கார்களின் ஃபோன் திரையிலும் ஒரே பெயரில் ஒரு எண் தெரியும். அர்த்தம் வேறு.

சென்சார் எதைச் சொல்கிறது?

உள்ளே இருப்பது மிளகளவு சிறிய தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகப் புழங்கும் பாஷ் வகையில் 20 டிகிரிக்குச் சுமார் 2,500 ஓம். 80 டிகிரிக்குச் சுமார் 320 ஓம். கணினி 5 வோல்ட் கொடுத்து, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து டிகிரியாக மாற்றிக்கொள்கிறது. ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும். கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் உங்கள் ஃபோன் −40 டிகிரி காட்டினால், கனெக்டரைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் உண்டு. சென்சாருக்குக் காற்றும் தெரியும், தான் திருகப்பட்டிருக்கும் உலோகமும் தெரியும். பித்தளை உடலோடு அலுமினிய மேனிஃபோல்டில் இறுக்கிய சென்சார், நின்ற வண்டியில் மேனிஃபோல்டின் சூட்டைத்தான் சொல்லும். தெர்மிஸ்டர் பித்தளைக் கூட்டுக்குள் மூடியிருந்தால் மெதுவாகத்தான் மாறும். நீங்கள் மிதித்து முடித்து, கியர் மாற்றி, அடுத்த வளைவுக்குப் போன பிறகுதான் எண் ஏறும். தெர்மிஸ்டர் வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் கூண்டில் வரும் திறந்த வகை, காற்றைச் சீக்கிரம் பிடிக்கும்.

உலோகத்தின் சூட்டையும் காற்றின் சூட்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. டோல்கேட்டில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் அது உலோகத்தில் ஊறிய சூடு. மிதிக்கும்போது ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் அது டர்போ அழுத்திய காற்றின் சூடு.

நீங்களே அளக்க

முதலில் உங்கள் காரில் சென்சார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது டர்போவுக்கு முன்னால் என்றால், இன்டர்கூலர் வெளிவாய்க்கும் த்ராட்டில் பாடிக்கும் இடைப்பட்ட குழாயில் திறந்த வகை சென்சார் ஒன்றைத் தனி மீட்டரோடு பொருத்த வேண்டும். அலுமினியக் குழாயைவிட பிளாஸ்டிக் அல்லது சிலிகான் ஹோஸ் பகுதி நல்லது. பக்கச் சுவரின் சூடு சென்சாருக்கு ஏறாது. முனை குழாயின் நடுவே, காற்றோட்டத்தில் இருக்கட்டும்.

துளை போடுவதென்றால் குழாயைக் கழற்றி வெளியே வைத்துத்தான் போட வேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் துருவல் நேராக இன்ஜினுக்குள் போகும். வாரண்டி இருக்கும் காரில் எதிலும் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும் முன் சென்சாரைச் சோதியுங்கள். சின்ன பிளாஸ்டிக் பையில் நனையாமல் கட்டி, உருகும் பனிக்கட்டியில் வையுங்கள்: 0 டிகிரி. கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள்: சென்னையில் 100, ஏற்காட்டில் சுமார் 95, உயரம் தண்ணீரின் கொதிநிலையையும் இறக்கிவிடும். பொருத்திய பிறகு, இரவு முழுக்க நின்ற வண்டியில் விடிகாலை இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். எல்லா வெப்பமானிகளும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். அப்போதே வேறுபட்டால், பிறகு வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

ஓட்டும்போது ஒரே சாலை, ஒரே கியர், ஒரே மிதி. வெளிவெப்பம், டர்போ அழுத்தம், இன்ஜின் சுற்று, வேகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். விலை மலிந்த அடாப்டர்கள் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் படிக்கும். தேவையானதை மட்டும் கேளுங்கள். திரையைப் பார்ப்பது பக்கத்து சீட்டில் இருப்பவரின் வேலை. ஓட்டுபவரின் கண் சாலையில் மட்டும் இருக்க வேண்டும். மலைப்பாதையில் இதைவிடப் பெரிய விதி கிடையாது.

கிடைத்த எண்ணிலிருந்து வெளிவெப்பத்தைக் கழித்து எழுதி வையுங்கள். ‘60 டிகிரி’ என்று மட்டும் குறித்தால் மார்கழிக்கும் வைகாசிக்கும் ஒப்பிட முடியாது. ‘வெளிக்காற்றைவிட 25 டிகிரி கூடுதல்’ என்று குறித்தால் வருடம் முழுக்கப் பயன்படும். ஆறு மாதம் கழித்து அதே சாலையில் அதே மிதிக்கு அது 40 ஆனால், இன்டர்கூலர் பற்களில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, முன்பக்கம் ஏதாவது மறைக்கிறதா என்று பார்க்கலாம். இன்ஜின் வாய்விட்டுச் சொல்லும் முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அந்தச் சேலத்து வாசகரிடம் ஃபோனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமானது. கடைசியில் அவர் கேட்டார்: “அப்போ என் பையன் எழுதி வச்ச 35-உம் 25-உம் வீண்தானா சார்?”

வீணே இல்லை. அதுதான் வெளிவெப்பக் கணக்கு. கழிப்பதற்கு அது வேண்டும். இன்னொன்று மட்டும் இல்லாமல் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலையேறுகிறார்கள். இந்த முறை அந்தப் பையனின் நோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் நேராக இரண்டு எண்கள் இருக்கும்.

*அடுத்த வாரம்: சூடு ஏறும்போது கணினி தீப்பொறியை ஏன் தாமதப்படுத்துகிறது?*

(தொடரும்)