நிழற்படமும் ஓர் அறிவிப்பே

நிழற்படம் பொய் சொல்லாது என்பர் சிலர். அதுவும் ஓர் அறிவிப்பே. எனவே முஹத்திஸ்கள் ஸனதையும் மத்னையும் ஆய்ந்தது போன்று அதனையும் ஆய்தல் தகும் என்போம் நாம்.

முதலாவது ஸனது. எடுத்தவர் யார்? எவர் வழியாக நம்மை வந்தடைந்தது? டச்சு நாட்டுக் கீழைத்தேய ஆய்வாளர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே 1885-இல் மக்காவில் சில மாதங்கள் தங்கியவர். 1889-இல் லைடன் நகரில் அவர் வெளியிட்ட மக்கா படத்தொகுதியின் படங்களுள் பெரும்பாலானவற்றை எடுத்தவரோ மக்கா நகர மருத்துவர் ஸையித் அப்துல் கஃப்பார். மூலப்படங்களில் அவர் அரபியில் பொறித்திருந்த பெயர், அச்சேறியபோது பலவற்றில் அழிக்கப்பட்டிருந்தது. மக்காவாசி ஒருவர் தம் ஊரைக் கண்ட பார்வை, அதனால் அந்நியரின் பார்வையாக எண்ணப்படலாயிற்று.

அடுத்தது மத்ன். கருவி எவ்வுயரத்தில் நின்றது, ஒளி எங்கிருந்து விழுகிறது, சட்டத்துக்குள் வந்தது எது, விடுபட்டது எது என வினவுதல் வேண்டும். ஒளியேற்க நேரம் பிடித்த அக்காலத் தகடுகளில் நிற்போர் தெளிவாவர். நடப்போர் மங்குவர், மறைதலும் உண்டு. ஆதலின் வெறுமையாகத் தோன்றும் முற்றம், ஆளில்லை என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, படத்தின் கீழுள்ள வாசகம். ஹதீஸின் மூலத்தில் அறிவிப்பாளரின் சொல் கலந்துவிடுதலை 'இத்ராஜ்' என்பர். பட விளக்கமும் அவ்வாறே கலப்பது. அதனைக் கையால் மறைத்துப் படத்தை முதலில் நோக்குக. பின்னர் வாசகத்தைப் படித்து, படம் அதற்கு இடந்தருகிறதா எனக் காண்க.

இவை முடிந்த பின்னரே நன்று, தீது எனத் தீர்ப்புரைத்தல் முறை. வந்த செய்தியைத் தெளிவுறுத்திக் கொள்ளுமாறு அல்குர்ஆன் (49:6) பணிப்பது, கண்ணுக்கு வரும் செய்திக்கும் பொருந்துவதன்றோ?